மயிலின் பின்பக்கம்: ஒரு சின்னப் பூவேலையைக் கழற்றி மறுபடி சட்டமிட்ட விவரம்

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண் பழைய சேலையில் சுற்றிய ஒரு பிரேமை எடுத்துக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, எல்லாரும் தூக்கிப் போடச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. அம்மா போட்டது" என்றார். பிரேமுக்குள் ஒரு மயில். கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில், பெருக்கல் குறி போலப் போடும் கிராஸ் ஸ்டிச். 7 அங்குல அகலம், 9 அங்குல உயரம். சுற்றிலும் அடர்ந்த சிவப்பில் கொடிக் கரை. கீழே வலது மூலையில் 1987 என்று நூலாலேயே போட்டிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்திருந்தது. நவம்பர் 30-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் மட்டும் 48 சென்டிமீட்டர் மழை. பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியதில் கடலூரின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. அவர் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் சாரல் அடித்த வடக்குச் சுவர் நாலு நாள் ஊறியிருக்கிறது. மயில் தொங்கியது அந்தச் சுவரில்.

இந்த வேலையை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் தப்புச் செய்த இடங்களும் இதில் உண்டு. கடலோரத்தில் இருப்பவர்களின் வீட்டில் இப்படி ஒரு மயிலோ கிளியோ பூச்சாடியோ சுவரில் இருக்கும். அதைப் போட்ட கை பல வீடுகளில் இன்று இல்லை.

வந்தபோது இருந்த நிலை

கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. மயிலின் கழுத்தும் தோகையின் மேல்பகுதியும் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தன. ஒட்டிய இடத்தில் தையல் தட்டையாகிப் பளபளத்தது. துணியின் மேல்பாதியில் சாம்பல் நிறப் பூஞ்சணம், இடது ஓரத்தில் காபிக் கறை போலப் பழுப்புக் கோடு. பின்னால் அடித்திருந்த ஹார்ட்போர்டு உப்பிப் பிளந்திருந்தது. ஆணிகள் துருப்பிடித்து உதிர்ந்தன. மூலையில் காகிதத்தையும் துணியையும் அரிக்கும் ராமபாணப் பூச்சியின் எச்சம், மிளகுத்தூள் மாதிரி.

பின்பலகையைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. துணியை நோட்டுப் பைண்டிங்குக்குப் போடும் சாம்பல் அட்டையில் வெள்ளைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். நாலு ஓரத்திலும் ஓர் அங்குல அகலத்துக்குப் பசை. நடுவிலும் இரண்டு ரூபாய் நாணய அளவில் ஒரு சொட்டு. அட்டைக்குச் சரியாக இருக்கட்டும் என்று துணியையும் வெட்டியிருந்தார்கள். மேலே ஒன்றரை அங்குலம், கீழே ஓர் அங்குலம், வலதில் அரை, இடதில் வெறும் கால் அங்குலம் மிச்சம். பூவேலையை பிரேம் கடையில் கொடுப்பவர்கள் இந்த ஓரத் துணியை வெட்ட விடாதீர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பக்கமும் 3 அங்குலம் இருந்தால் எந்தப் பிழையையும் பிறகு திருத்தலாம். கால் அங்குலம் மிஞ்சிய துணியில் ஊசி போடுவதே பெரும்பாடு.

மழை கடைசி அடி மட்டுமே. மரக்கூழில் செய்த அட்டையில் அமிலம் இருக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் கசிந்து பருத்தியைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். பசை காயக் காய விறைத்து மஞ்சளாகும். கண்ணாடி துணியைத் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே குளிர்ந்த ஈரம் போக வழியில்லாமல் நூலிலேயே இறங்கும். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு வேறெதுவும் வேண்டாம். அந்த டிசம்பரில் என் வீட்டு ஈரமானி 84 காட்டியது.

முதல் மூன்று வாரம்

பூஞ்சணத்தை ஈரமாக இருக்கும்போது துடைக்கக் கூடாது. துடைத்தால் நூலுக்குள் அப்பிவிடும். பிரேமிலிருந்து எடுத்து, அட்டையோடு அப்படியே, நிழலான அறையில் மின்விசிறிக் காற்றில் மூன்று நாள் வைத்தேன். வெயிலில் வைக்கச் சொல்லி வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். வெயிலில் பூஞ்சணம் காயும்தான், கூடவே சாயமும் போகும். ஏற்கெனவே 37 வருட வெளிச்சம் வாங்கிய துணி அது.

காய்ந்த பிறகு மாடிக்குக் கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாட்டர் கலர் தூரிகையால் மெல்லத் தட்டினேன். தூசி உறிஞ்சும் குழாயின் வாயில் மல் துணி கட்டிப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். தூரிகை துணியைத் தள்ளக் கூடாது, தொட்டு எழ வேண்டும். அந்த ஒரு வேலைக்கே இரண்டு மணி நேரம் ஆனது.

அடுத்து பூச்சி. ராமபாணத்தின் முட்டை எளிதில் கண்ணில் படாது. பாலித்தீன் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, ஃப்ரீசரில் மீன் வைக்கும் தட்டை ஒதுக்கிவிட்டு, டிசம்பர் 18 முதல் ஜனவரி 2 வரை வைத்தேன். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் உறையோடு மேசையில் கிடக்கட்டும். அப்போதுதான் வியர்ப்பது உறைக்கு வெளியே வியர்க்கும், உள்ளே துணி நனையாது. பூச்சி பார்த்த எந்தத் துணிக்கும் இதைச் செய்யலாம். நாப்தலின் உருண்டையைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

துவைக்கலாமா, கூடாதா?

அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி இது. "கறை போயிடும்ல அக்கா?" துவைத்தால் பழுப்பு ஓரளவு போகும். அட்டையின் அமிலமும் தண்ணீரில் இறங்கும். துவைக்க முடிந்தால் துவைப்பதே நல்லது.

முதலில் சாயத்தைச் சோதித்தேன். வெள்ளைப் பஞ்சை நீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்தேன். மொத்தம் 11 நிறம். ஒன்பது நிறங்கள் பஞ்சில் ஒன்றும் விடவில்லை. கரும்பச்சை லேசாக விட்டது. கரையின் சிவப்பு குங்குமம் போல ஒட்டியது. அந்தச் சிவப்புதான் நாலு பக்கமும் ஓடுகிறது. நீரில் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் மயில் முழுக்க ரோஜா நிறம் ஏறியிருக்கும். குளிர்ந்த நீர், உப்பு, வினிகர் என்று நிறையப் பேர் சொல்வார்கள். விடுகிற சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தி நான் பார்த்ததில்லை.

துவைக்கவில்லை. கறை இருக்கட்டும் என்று அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சிவப்பு போனா அம்மா கோச்சுக்குவாங்க. அது அவங்க கல்யாணச் சேலைக் கலர்" என்றார். முடிவு செய்ய எனக்கு அது போதுமாக இருந்தது.

அட்டையை உரித்தது

தண்ணீர் இல்லாமல் பசையை எடுக்க ஒரே வழி, துணியை அட்டையிலிருந்து பிடுங்காமல் அட்டையைத் துணியிலிருந்து உரிப்பது. துணியைக் குப்புறப் போட்டு, மழுங்கிய பேலட் கத்தியை அட்டையின் அடுக்குகளுக்கு நடுவே செலுத்தி, வெங்காயத் தோல் போல ஒவ்வொரு படலமாக எடுத்தேன். நாலு மாலை வேலை. கடைசிப் படலம் காகித மெல்லிசாகப் பசையோடு நின்றது. அதை மூங்கில் சீவலால் நெருடி நெருடித்தான் எடுக்க முடிந்தது.

நடுவில் இருந்த சொட்டு தோகையின் நீலக் கண்களுக்குப் பின்னால் இருந்தது. நீலம் சாயம் விடாத நிறம் என்பதால் அந்த இடத்தில் மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சைப் பத்து நிமிடம் வைத்தேன். பசை வெளுத்து இளகியது. பாதி வந்தது. மீதியை இழுத்தால் நூல் வாலும் சேர்ந்து வரும்போல் இருந்தது, விட்டுவிட்டேன். தொட்டுப் பார்த்தால் இன்றும் அந்த இடம் விறைப்பாக இருக்கும்.

நாலாவது மாலை, நடுப்பகுதியின் அட்டை முழுசாக விலகியபோது நான் அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். மறுநாள் பஸ் பிடித்து வந்துவிட்டார். முன்பக்கம் மயிலின் கழுத்து சாம்பல் கலந்த ஊதா. நாங்கள் இருவரும் அதுதான் நிறம் என்று நினைத்திருந்தோம். பின்பக்கம் கழுத்து நல்ல மயில்நீலம். தோகை பச்சை இலைப்பச்சையாக, கண்களுக்குள் மஞ்சள் கடுகுப்பூவாக, எல்லாம் 1987-இல் நூலைக் கடையில் வாங்கிய அன்று இருந்தபடி. வெளிச்சம் படாத பக்கத்தில் சாயம் அப்படியே இருந்தது. இடது இறக்கையில் ஒரு இடத்தில் வரிசை தப்பி, பிரித்து, மறுபடி போட்ட தடமும் தெரிந்தது. அவர் அந்த இடத்தை விரலால் தொடாமல் மேலேயே விரலை ஓட்டினார். "திருப்பி மாட்டலாமா?" என்று கேட்டார்.

நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். திருப்பி மாட்டினால் அந்த நிறமும் முப்பது வருடத்தில் போகும். பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அச்சுப்போட்டுத் தருகிறேன், அது சட்டத்துக்குள்ளேயே இருக்கும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

பின்பலகை

புதுச்சேரியில் இருப்பதில் எங்களுக்கு ஒரு வசதி. சர்தார் படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் காகிதம். மரக்கூழ் இல்லாத தடித்த தாள் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கிறது. எத்தனையோ ஊர்களில் இதைத் தபாலில் வரவழைக்கிறார்கள்.

ஆனால் தாள் மட்டும் போதாது. இழுத்துக் கட்டினால் வளையும். அதற்கு 5 மில்லிமீட்டர் புளூட் போர்டு வாங்கினேன். விளம்பரத் தட்டிக்கும் பெட்டிக்கும் போடுவார்களே, உள்ளே குழல் குழலாக இருக்கும் பாலிப்ரொப்பிலீன் பலகை. அமிலம் இல்லை, ஈரம் குடிக்காது, பூச்சி தின்னாது. சன் போர்டு என்று கேட்டால் வேறொன்று தருவார்கள். அது பிவிசி, நாளாக ஆகத் துணிக்கு ஆகாத வாயு விடும். தெர்மோகோலும் வேண்டாம்.

பலகையின் மேல் நன்றாகத் துவைத்த வெள்ளை ஃபிளானல் துணி ஓர் அடுக்கு. இது அலங்காரத்துக்கு இல்லை. பூவேலையின் பின்னால் முடிச்சும் நூல் வாலும் இருக்கும். கடினமான பலகையில் இழுத்தால் அவை முன்பக்கம் கொப்புளம் மாதிரித் தள்ளும். ஃபிளானலில் அவை புதைந்துகொள்ளும்.

அளவுக் கணக்கு எளிதுதான். இந்த மேட்டித் துணியில் அங்குலத்துக்கு 11 கட்டம். மயில் 77 கட்டம் அகலம், 99 கட்டம் உயரம், அதனால் 7-க்கு 9. சுற்றிலும் ஓர் அங்குலம் வெறும் துணி தெரிய வேண்டும் என்று பலகையை 9-க்கு 11 என வெட்டினேன். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணியானால் அதே 77 கட்டம் ஐந்தரை அங்குலத்தில் முடிந்துவிடும். பிரேம் வாங்கிய பிறகு அளந்து பார்ப்பவர்கள் இந்த வகுத்தலை முதலிலேயே செய்துவிடலாம்.

ஓரத்தில் துணி இல்லையே! இரண்டரை அங்குல அகலத்தில் காடாத் துணிப் பட்டைகள் வெட்டி, மூன்று முறை துவைத்துக் கஞ்சி போக்கி, நாலு பக்கமும் தைத்து நீட்டினேன். கஞ்சி இருந்தால் ராமபாணத்துக்கு விருந்து. கால் அங்குலமே இருந்த இடது பக்கம் நேர்த்தையல் போட்டால் ஒரே இழையில் பாரம் விழுந்து கிழியும். அங்கே குறுக்கும் மறுக்குமாகப் போகும் மீன்முள் தையல் போட்டேன், இழுப்பு பல இழைகளுக்குப் பிரிந்தது. இணைப்பு கண்ணில் படாதபடி சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே கைக்காகிதத்தில் ஒரு சாளர அட்டை, அதாவது நடுவில் ஜன்னல் போலத் திறந்த தாள், வெட்டி வைத்தேன். நினைத்ததைவிட ஓரம் ஒடுங்கிப்போனது, அதற்கு மேல் வழியில்லை.

இழுத்துக் கட்டியது, இரண்டு தடவை

முதல் தடவை அவசரப்பட்டேன். நீளமான இரண்டு பக்கத்தையும் குரோஷா நூலால் பின்னால் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து முழுக்க இறுக்கிவிட்டு, அப்புறம் குட்டைப் பக்கத்துக்குப் போனேன். திருப்பிப் பார்த்தால் சிவப்புக் கரை நடுவில் 3 மில்லிமீட்டர் உள்வாங்கி வில்லாக நின்றது. மயில் நெஞ்சு நிமிர்த்தாமல் கூன் போட்டிருந்தது. நூலை வெட்டிப் பிரித்தேன். பசையாக இருந்தால் அந்த இடத்தில் அதோடு கதை முடிந்திருக்கும்.

அதே நாள் இன்னொரு தவறு. குண்டூசி குத்திய துணியை ஈரக் காற்றில் இரவெல்லாம் விட்டுவிட்டேன். சாதா இரும்பு ஊசி. காலையில் காடாத் துணியில் இரண்டு துருப்புள்ளி. பூவேலையில் படவில்லை என்பதுதான் ஆறுதல். கடற்கரை ஊரில் துணி வேலைக்குத் துருப்பிடிக்காத ஊசி தவிர வேறெதையும் எடுக்காதீர்கள்.

இரண்டாவது தடவை, நாலு பக்கத்தின் நடுப்புள்ளியையும் முதலில் பலகையின் விளிம்பில் ஊசியால் குத்தினேன். பிறகு நடுவிலிருந்து மூலை நோக்கி, மேலே ஒன்று கீழே ஒன்று, இடதில் ஒன்று வலதில் ஒன்று என்று அரை அங்குலத்துக்கு ஓர் ஊசி. ஒவ்வொரு சுற்றுக்கும் கரைக்கு வெளியே ஓடும் ஒரே இழையைக் கண்ணால் பின்தொடர்ந்து, அது நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். மேட்டித் துணியின் நல்ல குணம் இது, கோணல் வந்தால் கட்டங்களே காட்டிக்கொடுத்துவிடும். எல்லா ஊசியும் சரியாக நின்ற பிறகுதான் நூலை எடுத்தேன். நூலைத் துண்டாக வெட்டாமல் உருண்டையிலிருந்தே கோத்தால், முடிவு வரை தளர்வாகப் போய்விட்டு, ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு இழையாக இறுக்கிக்கொண்டே வரலாம். துணி விரலால் தட்டினால் லேசாகத் துள்ள வேண்டும், பறை மாதிரி விறைக்கக் கூடாது. முதலில் நீளப் பக்கம், பிறகு குட்டைப் பக்கம், கடைசியில் ஊசிகளை உருவினேன். இஸ்திரி போடவே இல்லை. போடுவதானால் தடித்த குளியல் துண்டில் குப்புறப் போட்டுப் பின்பக்கமாகத்தான் போட வேண்டும், நேராகப் போட்டால் தையல் நசுங்கிவிடும்.

சட்டம்

பிரேம் கடைக்காரர்கள் பீடிங் என்று சொல்லும் மரச்சட்டத்தின் உள்பள்ளம் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர்தான். எனக்குத் தேவை: கண்ணாடி 2, கண்ணாடிக்கும் துணிக்கும் இடைவெளி 5, துணி சுற்றிய பலகை 7, பின் அட்டை 3. மொத்தம் 17. அதனால் 20 மில்லிமீட்டர் ஆழமுள்ள சட்டம் கேட்டேன். கடைக்காரர் ஒத்துக்கொள்ள நேரம் பிடித்தது. "எதுக்கும்மா, கண்ணாடியை ஒட்டி வெச்சா நச்சுனு இருக்கும்" என்றார். பழைய சட்டத்தில் நசுங்கிய கழுத்தை போனில் காட்டிய பிறகு அவரே இடைவெளிக்கான அக்ரிலிக் பட்டைகளை 5 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டிக் கொடுத்தார். அவை சட்டத்தின் உதட்டுக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

கண்ணாடியே வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். ரோமன் ரோலண்ட் தெருவில் க்ளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரி கூடத்தில் பெண்கள் மேசை விரிப்பிலும் தலையணை உறையிலும் போடும் வேலையைப் பார்த்திருக்கிறேன். அது துவைத்துப் பயன்படுத்துவதற்கென்றே போடுவது, தூசி படிந்தால் துவைக்கலாம். துவைக்க முடியாத சாயம் உள்ள மயிலுக்குத் தூசி ஏறினால் எடுக்க வழியே இல்லை. அதனால் கண்ணாடி.

வளையத்திலேயே விட்டு மாட்டும் குழந்தைப் பெயர்த் தையல்களுக்கு இவ்வளவு தேவையில்லை. மர வளையத்தின் உள்சுற்றில் பருத்தி நாடா சுற்றி, துணியின் ஓரத்தைப் பின்னால் ஓட்டுத்தையலில் சுருக்கி இழுத்து, வட்டமாக வெட்டிய துணியைப் பின்புறம் வைத்துத் தைத்தால் போதும். அதிலும் பசைத் துப்பாக்கியை மட்டும் எடுக்காதீர்கள்.

எல்லாம் தயாரான பிறகும் மூடவில்லை. ஈரமான நாளில் மூடினால் அந்த ஈரத்தையும் உள்ளே பூட்டியதாகும். பொங்கல் போய், பனி குறைந்து, 2025 பிப்ரவரி 9 ஞாயிறு பிற்பகல் ஈரமானி 61 காட்டியது. அன்று கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்துக் காயவிட்டு, அடுக்கி, பின் இடுக்கைக் காகித நாடாவால் ஒட்டினேன். பித்தளைக் கொக்கி. கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர்க் குமிழ், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட. செலவு 1,140 ரூபாய், அதில் பாதிக்கு மேல் சட்டத்துக்கே போனது. மயில் இப்போது வடக்குச் சுவரில் இல்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் உள்சுவரில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழாத இடத்தில் இருக்கிறது.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு

2025 டிசம்பர் 20-ஆம் தேதி மஞ்சக்குப்பம் போனேன். ஐப்பசி, கார்த்திகை முழுக்க நனைந்த ஊர். கண்ணாடியில் முத்து இல்லை, பூஞ்சணம் இல்லை. பழுப்புக் கோடு அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை. கரை நேராக நிற்கிறது. பின்பக்கம் கீழ் இடது மூலையில் மட்டும் காகித நாடா ஒரு விரல் நீளம் எழும்பியிருந்தது. அந்த வழியே ஒரு ராமபாணம் நுழைந்து, பின் அட்டைக்கும் பலகைக்கும் நடுவே செத்துக் கிடந்தது. துணிவரை போகவில்லை. நாடாவை மாற்றினேன். காகித நாடா எங்கள் காற்றுக்குப் போதாது என்று இப்போது நினைக்கிறேன், அடுத்ததில் பருத்தி நாடாவைத் தைத்துப் பார்க்கப் போகிறேன்.

பின் அட்டையில் ஒரு காகித உறை தைத்திருக்கிறேன். அதில் மயிலின் பின்பக்கப் படமும் கைக்காகிதத்தில் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டும் இருக்கின்றன. சீட்டில் இருப்பது இதுதான்:

"போட்டது 1987. மறுபடி சட்டமிட்டது 2025 பிப்ரவரி 9. சிவப்பும் கரும்பச்சையும் சாயம் விடும், நனைக்க வேண்டாம். தோகையின் நடுவில் பழைய பசை கொஞ்சம் இருக்கிறது. புதிதாகப் பசை எதுவும் போடவில்லை. பிரிக்க வேண்டுமானால் பின்னால் குறுக்கே ஓடும் வெள்ளை நூலை நடுவில் வெட்டினால் போதும்."

அன்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "2025 டிசம்பர் 20, திறந்து பார்த்தது. கீழ் இடது மூலை நாடா மாற்றப்பட்டது." அந்தப் பெண்ணின் மகள் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, பென்சிலைக் கேட்டு வாங்கி, மேலே காலியாக இருந்த இடத்தில் தன் பாட்டியின் பெயரை எழுதினாள்.